கோடாலிக்கு வைத்த பொட்டு

ஜேர்மனியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் தபோதரன் வாய் செத்த மனிதர். யார் எதைக் கேட்டாலும் "யா, யா", அதாவது ஓம் ஓம், என்று தலையாட்டிவிடுவார். முற்றத்து மரத்தைத் தறிக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டு வந்தவர்களுக்கும் யா. தறிக்கக்கூடாது என்று வந்தவர்களுக்கும் யா. நான் இரண்டாம் மாடி. அவர்கள் சமைக்கிற குசினியும் என்னுடைய குசினியும் ஒரே காற்றுக்குழாயால்தான் மூச்சு விடுகின்றன. அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று ஒருவரும் சொல்ல ஏலாது. கதை தானாகத்தான் இறங்கி வந்தது.

தபோதரன் ஊல்ஸ்பேர்க் நூதனசாலை என்ற அருங்காட்சியகத்தில் காவலுக்கு இருந்தவர். ஊல்ஸ்பேர்க் என்பவர் ஒரு பழைய காலத்துப் பிரபு. உலகமெல்லாம் திரிந்து சாமான்கள் "சேகரித்தவர்". சேகரித்தது என்பது அவர்களுடைய சொல். எங்கள் ஊரில் இதே தொழிலுக்கு வேறு சொல் இருக்கிறது, அதற்குப் பொலிஸ் வரும்.

தபோதரன் காவல் காத்த அறையில் ஒரு கோடாலி. வட அமெரிக்காவில் இருக்கும் ஹோடினோஷோனி என்ற மக்களுடையது. நீண்ட வீட்டு மக்கள் என்று அர்த்தமாம், ஆறு இனங்கள் சேர்ந்த கூட்டு. கோடாலி என்றால் விறகு கொத்துகிற சாமான் இல்லை. தலையில் ஒரு பக்கம் இரும்பு அலகு, மறுபக்கம் புகையிலை போடுகிற சின்னக் கிண்ணம். பிடிக்குள் நீளத்துக்குத் துளை. பிடி முழுக்க வெள்ளி பதித்து, முள்ளம்பன்றி முள்ளைச் சாயம் போட்டுப் பின்னிய பட்டி சுற்றியிருந்தது. கோபம் வந்தால் ஒரு பக்கம், சமாதானம் வந்தால் மறுபக்கம். வெட்டுகிறதும் புகை பிடிக்கிறதும் ஒரே கைப்பிடியில். எங்கள் சனத்துக்கு இப்படி ஒன்று அமைந்திருந்தால் கனக்கச் சண்டை பாதியில் நின்றிருக்கும் என்று தபோதரன் ஒருநாள் படிக்கட்டில் வைத்து எனக்குச் சொன்னார். அவர் அந்த வருடம் பேசிய மிக நீளமான வசனம் அதுதான்.

அவருடைய வேலை தற்காலிகம். வருடம் முடிய முடிய நீட்டுவார்கள். இந்த முறை நிரந்தரமாக்கித் தருவதாக இயக்குநர் ஃப்றவ் புறபெசர் ஹெல்விக் என்ற அம்மணி வாய்விட்டுச் சொல்லியிருந்தா. மனைவி சிவமலர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சீவித்தா.

சிவமலர் ஆயுதபூசையன்று வீட்டில் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. தையல் மெசின், றைஸ் குக்கர், சுவர் துளைக்கிற மெசின், சலவை மெசின், எல்லாவற்றுக்கும் ஒரு வட்டச் சந்தனம், நடுவில் குங்குமம். ஒருமுறை கீழே நிலவறையில் இருக்கும் என்னுடைய மின்சார மீற்றருக்கும் வைத்துவிட்டா. மீற்றர் பார்க்க வந்தவன் தொடப் பயந்து திரும்பிப் போய்விட்டான். இந்தக் கதை நடந்த வருடம் ஆயுதபூசையன்று மனுசன் வேலைக்குப் புறப்படும்போது ஒரு சின்ன டப்பாவில் மிச்சச் சந்தனத்தையும் குங்குமத்தையும் குடுத்துவிட்டா.

"இஞ்சேருங்கோ, உங்கட வேலைச் சாமானுக்கும் வையுங்கோ. இந்த முறை எண்டாலும் வேலை நிரந்தரமாகட்டும்."

நூதனசாலைக் காவற்காரனுக்கு என்ன வேலைச் சாமான்? ஒரு வோக்கி-ரோக்கி, இருக்க ஒரு கதிரை. இரண்டுக்கும் வைத்தார். பிறகு கதிரையில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே கோடாலி.

"ஆயுதபூசையண்டு ஒரு ஆயுதம் மூளியா நிக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாமப் போச்சுதக்கா" என்று பிறகு எனக்குச் சொன்னார். கண்ணாடிப் பெட்டி பூட்டியிருந்தது. ஆகவே அலகுக்கு நேரே கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். வேலை முடியத் துடைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். பின்னேரம் பக்கத்து அறையில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சத்தி எடுக்க, வாளியும் துணியுமாக ஓடியதில் பொட்டு மறந்து போய்விட்டது. மறுநாள் அவருக்கு லீவு.

லீவு முடிந்து போனால் அறை வாசலில் சிவப்பு வெள்ளை நாடா. உள்ளே வெள்ளை அங்கி, முகமூடி, கையுறையோடு ஆட்கள் கொள்ளை நோய் வந்தது மாதிரி நிற்கிறார்கள். ஃப்றவ் புறபெசர் ஹெல்விக் குரலைத் தாழ்த்தி, கோயிலுக்குள் பேசுகிற மாதிரிப் பேசுகிறா. அவவுக்குப் பக்கத்தில் ஹேர், அதாவது திருவாளர், கேஸ்ற்னர். "சந்திப்பு, செவிமடுத்தல், நல்லுறவு" என்ற பிரிவுக்குத் தலைவர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஹேர் தபோதரன்," என்றா இயக்குநர், "நீங்கள் கடைசியாகக் கடமையில் இருந்த நாளில், ஐரோப்பியர் அல்லாத தோற்றமுடைய எவரேனும் இந்தப் பொருளின் அருகே நின்றதைக் கண்டீர்களா?"

"யா."

"எப்படி இருந்தார்?"

தபோதரன் யோசித்தார். பொய் சொல்லப் பயம், உண்மை சொல்லவும் பயம். "மண்ணிறம். நடுத்தர உயரம். கறுத்தத் தலைமயிர், முன்பக்கம் கொஞ்சம் கொட்டினது. மீசை."

தன்னைத்தான் சொன்னார். ஹேர் கேஸ்ற்னர் அவருடைய முகத்தைப் பார்த்துப் பார்த்தே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "கண்டுபிடிப்பது கடினம்" என்றார். இத்தனை வருடம் அந்த அறையில் இருந்த மனிதனை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தபோதரனுக்கு விளங்கியது. அறைக்குக் கமரா இருந்தது. ஆனால் அது சிக்கன நடவடிக்கையில் நிறுத்தப்பட்டிருந்தது.

ஹோடினோஷோனி மக்கள் அந்தக் கோடாலியைத் திருப்பித் தரச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூதனசாலை ஒவ்வொரு முறையும் "உங்கள் வலியைக் கேட்கிறோம்" என்று பதில் போடும். கேட்கிற காது அவர்களுக்கு எக்கச்சக்கம். இப்போது இந்தப் பொட்டு. ஆரோ அந்த மக்களில் ஒருவர் இரகசியமாக வந்து, தங்களுடைய பொருளுக்குச் சடங்கு செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள்.

ஆய்வுகூடத்தில் இருந்து அறிக்கை வந்தது. சந்தனம், ஆசிய மரம். இந்த இடத்தில் புத்தியுள்ள ஒரு சனம் நிறுத்தியிருக்கும். இவர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். ஆசிய மரம் எப்படி அமெரிக்க மக்களின் கைக்கு வந்தது? ஹேர் கேஸ்ற்னர் மேடையில் ஏறி, ஒடுக்கப்பட்டவர்கள் சமுத்திரங்களைத் தாண்டி ஒருவருக்கொருவர் வாசனை அனுப்பிக்கொள்கிறார்கள் என்றார். கைதட்டல். இன்னொருவர், நடுவில் இருக்கும் சிவப்பு ஐரோப்பாவின் மனச்சாட்சியில் இருக்கும் காயம் என்றார். அதற்கும் கைதட்டல். மூலையில் வோக்கி-ரோக்கியோடு நின்ற தபோதரனுக்கு, குங்குமம் வாங்கிய கடையின் பெயரைச் சொல்லலாமா என்று ஒரு எண்ணம் வந்ததாம். வோக்கி-ரோக்கியிலும் அதே பொட்டு காய்ந்துபோய் இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

பொட்டு உதிரத் தொடங்கியது. சந்தனம் காய்ந்தால் வெடிக்கும், இது எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அவர்கள் பெட்டியின் உள்ளேயும் வெளியேயும் ஈரப்பதத்தைக் கூட்டினார்கள். சாமான் பராமரிக்கிற பெண் ஒருத்தி, "ஈரம் இரும்புக்கு ஆகாது" என்று எழுதிக் குடுத்தாளாம். இயக்குநர் சொன்ன பதிலைத் தபோதரன் வீட்டில் வந்து அப்படியே சொன்னார்.

"கோடாலி இருநூறு வருடம் பொறுத்தது. பொட்டு இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறது."

பொட்டைக் காக்கத் தனியாக ஒரு காவல் போட்டார்கள். அந்தக் காவல் யார் என்று நினைக்கிறீர்கள்? தபோதரன்தான். தான் வைத்த பொட்டை மற்றவர்கள் தொட்டுவிடாமல் காலை தொடங்கி மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லித் துலையுங்கோவன்" என்றா சிவமலர். காற்றுக்குழாய் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

"எப்பிடிச் சொல்லுறது? புத்தகம் அடிச்சுப் போட்டினம். அட்டையில பொட்டு."

"அப்ப சொல்லாதேங்கோ. வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பாப்பம்."

இப்படி இருக்கும்போதுதான் லொறெய்ன் வந்தா.

லொறெய்ன் ஹோடினோஷோனி மக்களில் ஒருத்தி. கனடாவில், ஒன்றாரியோவில், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவ. அந்தக் கோடாலிக்காக முதலில் விண்ணப்பித்தது அவவின் தாய். தாய் பதில் கடிதங்களை மட்டும் கண்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டா. ஆட்கள் கூடிப் பேசும்போது பத்தவைத்துக் கைமாற்ற வேண்டிய சாமான் அது, அதைக் கண்ணாடிக்குள் நிற்பாட்டி வைப்பது ஒருவனுடைய நாக்கை அறுத்து வைத்திருப்பது மாதிரி என்று லொறெய்ன் சொன்னா. பஸ் நிறுவனத்தில் லீவு எடுத்து, இந்த முறை கையோடு கொண்டுபோவது என்று நினைத்துத்தான் வந்திருந்தா. நூதனசாலைதான் கூப்பிட்டது. கடிதத்தில் "முடிவான சந்திப்பு" என்று போட்டிருந்தார்கள்.

கூப்பிட்டார்களே தவிர, ஹொட்டலுக்குக் காசில்லை, பொட்டு மாநாட்டில் முடிந்துவிட்டது. ஊழியர்களில் யாராவது ஒருவர் "தோழமையோடும் சூழலுக்குக் கேடில்லாமலும்" விருந்தாளியை வீட்டில் வைத்திருக்க முடியுமா என்று கேஸ்ற்னர் கேட்டிருக்கிறார். எல்லாரும் தங்கள் காற்சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு வாய் மட்டும் "யா" என்றது.

அப்படித்தான் ஹோடினோஷோனி விருந்தாளி எங்கள் படிக்கட்டில் ஏறி வந்தா. நான் கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் மேலே போனேன். என் வீட்டில் கறிவேப்பிலை நிறைய இருந்தது என்பது வேறு கதை.

சிவமலருக்கு இங்கிலிஷ் நன்றாக வரும். அவவின் தமக்கை கனடாவில், போய்ப் போய் வந்து பழகியது. தமக்கை பிறான்ற்போர்ட்டில் புதுவீடு வாங்கியிருக்கிறா என்று சொன்னவுடனே லொறெய்ன் சிரித்துவிட்டா.

"பிறான்ற்போர்ட்டா? அப்படியென்றால் உங்கள் அக்காவின் வீடு எங்களுடைய காணியில்தான் நிற்கிறது."

சிவமலருக்கு முகம் வெளுத்தது. "உண்மையாவோ?"

"பயப்படாதே. வீட்டைக் கேட்க மாட்டோம். கோடாலியைத்தான் கேட்கிறோம், அதையே தருகிறார்கள் இல்லை. உன் அக்காவைக் கவலைப்படாமல் சுவருக்கு நிறம் அடிக்கச் சொல்லு."

அதோடு இரண்டு பெண்களும் ஒட்டிவிட்டார்கள். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் இறங்கின. லொறெய்ன் சம்பலைச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டா, இன்னும் கொஞ்சம் கேட்டா. அவ அன்று காலை நூதனசாலைக்குப் போய் வந்திருந்தா. முடிவான சந்திப்பு எப்படி நடந்தது என்று நான்தான் கேட்டேன். நான் கேளாவிட்டால் ஆர் கேட்பது?

"இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டா. விடவேயில்லை. உங்கள் மக்களில் ஒருவர் ஏற்கெனவே வந்து இந்தப் பொருளோடு சமாதானச் சடங்கு செய்துவிட்டார், ஆகவே அது இங்கே இருப்பதற்கு உங்கள் சமூகம் சம்மதித்துவிட்டது, இனி அதை இங்கிருந்து பிடுங்கினால் அது உங்கள் மக்களுக்கே செய்கிற வன்முறை என்று சொன்னா. கண்ணாடியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு வட்டத்தைக் காட்டினா. நாங்கள் இப்படி வட்டம் வைப்பதில்லை என்று சொன்னேன். உடனே அந்தக் கேஸ்ற்னர் சொல்கிறார், 'நீங்கள் என்ன செய்வீர்கள் என்ன செய்யமாட்டீர்கள் என்று உங்களை ஒரு வரையறைக்குள் அடைக்க நாங்கள் விரும்பவில்லை' என்று."

 தபோதரன் சொதியை மெதுவாக, மிக மெதுவாகக் கலக்கிக்கொண்டிருந்தார்.

லொறெய்ன் இன்னொரு கரண்டி சம்பலுக்குக் கையை நீட்டினா. கை பாதியில் நின்றது. றைஸ் குக்கரைப் பார்த்தா. அதன் நெற்றியில் மஞ்சளும் சிவப்பும். சலவை மெசினைப் பார்த்தா. அங்கேயும். தையல் மெசின், சுவர் துளைக்கிற மெசின். கடைசியாகத் தபோதரனைப் பார்த்தா.

சிரிக்கத் தொடங்கினா. மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. நாங்களும் சிரித்தோம். தபோதரன்கூட ஒரு பக்கத்து மீசையால் சிரித்தார்.

பிறகு லொறெய்ன் சிரிப்பை நிறுத்தினா. "இதற்காகவா என் அம்மாவின் சாமானைத் தருகிறார்கள் இல்லை?"

தபோதரன் எழும்பி, கைகழுவி வந்து, அவவுக்கு முன்னால் நின்றார். பள்ளிக்கூடத்தில் பிழை செய்த பெடியன் மாதிரி. "நாளைக்குக் காலமை சொல்லுறன்."

"வேலை போகும்" என்றா சிவமலர் தமிழில்.

"போகட்டும். அவவின்ர சாமான், மலர். நான் வைச்ச பொட்டால நிக்குது."

சிவமலர் எழும்பிப் போய் அவருடைய நல்ல சேர்ட்டை அயர்ன் பண்ணத் தொடங்கினா. அயர்ன் பெட்டியிலும் ஒரு பொட்டு இருந்தது.

மறுநாள் லொறெய்னையும் கூட்டிக்கொண்டு போனார். இயக்குநரின் அறை முழுக்க மரமுகங்கள், ஈட்டிகள், ஆருடையதோ மூதாதையர். தபோதரன் மனப்பாடம் செய்துகொண்டு போன ஜேர்மனில் சொன்னார்: பொட்டு நான் வைத்தது. எங்களுடைய பூசை. துடைக்க மறந்துவிட்டேன். இந்தாருங்கோ டப்பா.

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தா. "ஹேர் தபோதரன், உங்கள் பங்களிப்புக்கு நன்றி. ஆனால் ஒரு அடையாளத்தின் அர்த்தம் அதை வைத்தவரின் கையில் மட்டும் இல்லை."

"கைதான் வைச்சது" என்றார் தபோதரன்.

கேஸ்ற்னர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, மணந்து பார்த்து, இயக்குநரின் காதுக்குள் ஏதோ சொன்னார். அவவின் முகம் மலர்ந்தது. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

"அப்படியென்றால்," என்றா, "எங்களிடம் ஒரு தமிழ்ப் பண்பாட்டுப் பொருள் இருக்கிறது. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வைத்திருக்கிறோம். ஹேர் தபோதரன், எங்கள் நிறுவனம் தன்னுடைய வரலாற்றில் இதுவரை எதையும் எவருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்த வெட்கத்தோடுதான் நான் ஒவ்வொரு நாளும் இந்தக் கதவைத் திறக்கிறேன். இன்று அது முடிவுக்கு வருகிறது. பொட்டை உங்களிடம் திருப்பிக் கொடுக்கிறோம்."

தபோதரனுக்கு விளங்கவில்லை. "கோடாலியை இவவிட்டத்தானே குடுக்க வேணும்?"

"பொட்டு இருப்பது அண்மையில் போட்ட கண்ணாடியில், அரும்பொருளில் அல்ல. அமைச்சுக்கு எழுதத் தேவையில்லை, அறக்கட்டளையைக் கேட்கத் தேவையில்லை. திருப்பிக் கொடுப்பதற்கு இவ்வளவு உகந்த பொருள் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை."

லொறெய்ன் இங்கிலிஷில் கேட்டா: "அந்த வட்டம் எங்களுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் எங்கள் சம்மதமும் இல்லை. கோடாலி?"

"மிகச் சரி. நாம் மீண்டும் தொடக்கத்துக்கு வந்திருக்கிறோம். தொடக்கங்கள் அரியவை." இயக்குநர் மறுபடியும் அவவின் கையைப் பிடித்தா. "ஆனால் ஒரு துயரமான செய்தி. ஈரப்பதத்தால் அலகில் துரு பிடித்திருக்கிறது. பயணம் செய்கிற உடல்நிலையில் அது இல்லை."

"ஈரத்தைக் கூட்டியது நீங்கள்."

"அதற்கான பொறுப்பை நாங்கள் உணர்கிறோம். அதனால்தான் அதை எங்கள் பராமரிப்பில் வைத்திருக்க வேண்டிய கடமை இன்னும் கூடியிருக்கிறது."

அன்று பின்னேரமே இதெல்லாம் காற்றுக்குழாயால் இறங்கி வந்தது. ஒருவனுடைய பிள்ளையைப் பிடித்துவைத்து, அதற்குக் காய்ச்சல் வரப்பண்ணி, காய்ச்சல்காரப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அழுகிற சனம். கள்ளனுக்கென்றாலும் ஒரு அவசரம், ஒரு வெட்கம் இருக்கும். இவர்கள் மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டுச் செய்கிறார்கள்.

கையளிப்பு விழாவுக்கு எங்கள் கட்டடத்தில் இருந்து நானும் போனேன். வைன், சின்னச் சின்னப் பாண் துண்டில் பூசினபடி ஏதோ பச்சையாக, பத்திரிகைக்காரர், ஒரு அமைச்சின் ஆள். இயக்குநரின் கழுத்தில் ஆபிரிக்க மணிமாலை, ஒவ்வொரு மணியும் பாக்களவு. தமிழ் வாசனை இருக்கட்டும் என்று வாசலில் ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். நெருப்பு எச்சரிக்கை மணி அடித்து, எல்லாரும் வெளியே போய் மழையில் நின்று திரும்பி வந்தோம். ஆயுதங்கள் தொடர்பான விழா என்பதால் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சாப்பாட்டுக்குக் கத்தி வைக்கவில்லை. லொறெய்னை முன்வரிசையில் "சாட்சி" என்று அட்டை ஒட்டிய கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

இயக்குநர் பேசினா.

"எங்களைக் கொள்ளையர் என்று சொல்கிறார்கள். இந்தச் சொல் எங்களை எவ்வளவு நோகடிக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்தக் கோடாலியை நாங்கள் வைத்திருக்கவில்லை, கோடாலிதான் எங்களை வைத்திருக்கிறது. திருப்பிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. அதைப் பற்றிச் சிந்திப்பதற்கோ தலைமுறைகள் வேண்டும். நாங்கள் இலகுவான பாதையைத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்று ஒரு சிறிய வட்டத்தை அதன் மக்களிடம் கொடுக்கிறோம். எங்களுடையதல்லாததைக் கொடுப்பதில் இவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால்..." அந்த இடத்தில் நிறுத்தினா. சபையில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பா என்று அவ சொல்லவேயில்லை.

வெள்ளைக் கையுறை போட்ட நாலு பேர் கண்ணாடியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். கோடாலிப் பெட்டியின் முன்பக்கக் கண்ணாடி. கோடாலிக்கு அதைவிடத் தடிப்பான புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. பழையதைத் தபோதரனின் கையில் குடுத்தார்கள். அயர்ன் பண்ணின சேர்ட்டோடு மனுசன் பூதம் மாதிரிப் பெரிய ஒரு கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒலிவாங்கியை அவருடைய வாய்க்குக் கிட்டப் பிடித்தார்கள். யா என்று சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

"நைன்" என்றார் தபோதரன்.

ஜேர்மனில் இல்லை என்கிற அந்தச் சொல்லை அவருடைய வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தரம். சிவமலர் என்னுடைய கையைப் பிடித்துக் கிள்ளினா.

"எனக்கு இது வேண்டாம். எங்கட வீட்டில நிறைய இருக்கு. இவவுக்குக் குடுங்கோ, இவவின்ர சாமானை." ஜேர்மனும் தமிழும் கலந்துதான் வந்தது, ஆனால் விரல் லொறெய்னைக் காட்டியது, விளங்காமல் போக ஏலாது. கண்ணாடியை மேசையில் சாய்த்து வைத்தார். பேச்சாளர்களுக்கு வைத்திருந்த தண்ணீரில் மூக்குத் துடைக்கிற லேஞ்சியை நனைத்தார். துடைத்தார். நாலு இழுப்பு. சந்தனம் போய்விட்டது. "இப்ப ஒண்டுமில்லை. இப்ப குடுங்கோ."

 பத்திரிகைக்காரன் ஒருவன் பேனாவை வாயில் வைத்தபடி நின்றான். நான் நினைத்தேன், இதோ, இப்போதாவது இந்தச் சனத்துக்கு ஒரு வெட்கம் வரும்.

இயக்குநர் கைதட்டத் தொடங்கினா.

மெதுவாக, பிறகு வேகமாக. கேஸ்ற்னர் எழும்பி நின்று தட்டினார். முழு மண்டபமும் எழும்பியது. லொறெய்ன் மட்டும் இருந்தா. "அழிப்பின் வழியாக மீட்பு!" என்று கேஸ்ற்னர் கத்தினார். அமைச்சின் ஆள் கண்ணைத் துடைத்தார். கையுறைக்காரர் ஓடிவந்து நனைந்த லேஞ்சியைத் தபோதரனின் கையில் இருந்து பக்குவமாக எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்தார்கள். அது சிவமலர் வாங்கிக் குடுத்த லேஞ்சி. இன்னும் திருப்பித் தரவில்லை.

பிறகு நடந்தது சுருக்கம். தபோதரனின் வேலை நீட்டப்படவில்லை. பூர்வீக சமூகத்தின் பிரதிநிதி ஒருவரைத் தன்னுடைய சொந்தப் பண்பாட்டுப் பொருளுக்கே காவல் வைப்பது நெறிமுறைக்கு ஒவ்வாது என்று மரியாதையாக விளக்கம் சொன்னார்கள். அந்த வெறும் கண்ணாடியை "நிரந்தர இரவலாக" நூதனசாலைக்குத் தந்து உதவும்படி கேட்டார்கள். கேட்கும்போதே ஆணியில் மாட்டியாகிவிட்டது. மனுசன் இப்போது கட்டில் மேசை விற்கிற ஒரு தளபாடக் கடையின் களஞ்சியத்தில் நிற்கிறார். அங்கே ஆராவது ஏதாவது கேட்டால் முதலில் யோசிக்கிறார் என்று சிவமலர் சொல்கிறா. யோசிக்கிறதால் இன்னும் வேலையில் பிழை வரவில்லையாம்.

லொறெய்ன் பிளேன் ஏறுவதற்கு முதல்நாள் கோடாலியை ஒருக்கால் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றா. சிவமலருக்கு வேலை. தபோதரன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரையும் போல ரிக்கெற் எடுத்துத்தான் உள்ளே போனோம். தன் தாயின் சாமானைப் பார்க்கக் காசு குடுத்துவிட்டு, அவ மிச்சத்தைச் சரிபார்த்து வாங்கினா.

கோடாலி இடதுபக்க மூலையில் இருந்தது. அலகின் ஓரத்தில் மண்ணிறத் துரு, காய்ந்த புண் மாதிரி. மேலே ஒரு மங்கல் விளக்கு. நடுச் சுவரில், மூன்று விளக்கு வெளிச்சத்தில், அந்த வெறும் கண்ணாடி. அதற்கு முன்னால்தான் சனம். ஒரு வழிகாட்டி, இல்லாத பொட்டின் இடத்தைச் சுட்டிச் சுட்டி விளக்கிக்கொண்டிருந்தாள்.

லொறெய்ன் கோடாலிக்குக் கிட்டப் போனா. குனிந்தா. அவவின் மூச்சு புதுக் கண்ணாடியில் படர்ந்தது. தன்னுடைய பாஷையில் ஏதோ சொல்லத் தொடங்கினா, அடங்கிய குரலில், அவசரமில்லாமல். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. விளங்கவேண்டும் என்று நான் எட்டிப் பார்க்கவும் இல்லை. என்னுடைய குணத்துக்கு அது பெரிய விசயம்.

புதுக் காவற்காரன் வந்து, "தயவுசெய்து தள்ளி நில்லுங்கள்" என்றான். லொறெய்ன் ஒரு அடி பின்னுக்கு வந்து தொடர்ந்து சொன்னா. பின்னுக்கு வந்ததில் அவவின் உருவம் நடுச்சுவர்க் கண்ணாடியில் விழுந்தது. போனை உயர்த்திப் பிடித்தபடி நின்ற பெண் ஒருத்தி என்னுடைய தோளைத் தொட்டு இங்கிலிஷில் சொன்னாள்.

"மன்னியுங்கள், உங்கள் தோழியைக் கொஞ்சம் நகரச் சொல்வீர்களா? கண்ணாடியில் அவர் தெரிகிறார். எனக்குக் கண்ணாடி மட்டும்தான் வேண்டும்."

நான் லொறெய்னைப் பார்த்தேன். அவவுக்குக் கேட்டிருந்தது.

"எப்ப பூட்டுவார்கள்?" என்று கேட்டா.

"ஆறு மணிக்கு."

அவ தலையாட்டிவிட்டு, கோடாலிப் பக்கம் திரும்பி, விட்ட இடத்தில் இருந்து சொல்லத் தொடங்கினா. ஒரு அங்குலமும் நகரவில்லை. நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னுடைய அகலத்துக்கு, ஆறு மணி வரைக்கும் அந்தக் கண்ணாடியை ஒருவரும் வெறுமையாகப் படம் எடுக்கவில்லை.